மெயில் இணைப்பைத் திறந்தவர்மீது பழி போடலாமா? தொலை அணுகல் ட்ரோஜன் பற்றி ஒரு கேள்வி

நூல்கண்டு:

வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சிறிய அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மொத்தமே ஏழு பேர். ஊரும் பெயரும் வேண்டாம். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

என் பக்கத்து மேசையில் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்குத் தங்கை மாதிரி. எங்கள் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு மெயில் வந்தது. முன்பின் தெரியாத மெயில் இல்லை. மூன்று நாள் முன்பு ஜிஎஸ்டி ரிட்டன் பற்றி நாங்கள் அனுப்பியதற்குப் பதில். நாங்கள் எழுதிய வரிகள் எல்லாம் அப்படியே கீழே இருந்தன. "விடுபட்ட பில்கள் இணைப்பில் உள்ளன, பாஸ்வேர்டு கீழே" என்று இரண்டே வரி. ஜிப் பைல். பாஸ்வேர்டு போட்டுத் திறந்தாள். உள்ளே பிடிஎஃப் படம் போட்ட ஒரு பைல். இரண்டு தடவை கிளிக் செய்தும் எதுவும் திறக்கவில்லை. அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

பதினோரு நாள் கழித்து வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், பணம் அனுப்பியாயிற்று என்றார். எங்களுக்கு வரவில்லை. "வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்" என்று மெயிலைத் திருப்பி அனுப்பினார். எங்கள் முகவரியிலிருந்தே போயிருக்கிறது. எங்கள் இன்வாய்ஸ், எங்கள் முத்திரை, கணக்கு எண் மட்டும் வேறு.

கணினியைப் பார்த்தவர் தொலை அணுகல் ட்ரோஜன் என்றார். நல்ல பைல் போல உள்ளே வந்து, எங்கோ இருப்பவன் கையில் கணினியைக் கொடுத்துவிடும் நிரலாம். முதலாளி அவள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப் போகிறேன் என்கிறார். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தும் இது எப்படி உள்ளே வந்தது? இது அவள் தப்பா?

தாழ்ப்பாள்:

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணினியின் நெட் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். அதே கணினியில் மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அவன் கைக்குத்தான் போகும். மெயில் செட்டிங்கில் உங்களுக்குத் தெரியாமல் யாருக்காவது நகல் போகும்படி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தாயிற்றா? வெளிநாட்டு வங்கி வழியாகப் போன பணம் என்பதால் வாடிக்கையாளர் தன் வங்கியிடமும் உடனே சொல்ல வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

உங்கள் கேள்விக்கு நிதானமாக இரவு எழுதுகிறேன். இதை இரண்டு வரியில் முடிக்க எனக்கு மனம் வராது.

மேட்டுத்தெரு:

நடந்தது வருத்தம்தான். ஆனால் தெரியாத இணைப்பைத் திறக்கக் கூடாது என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பாஸ்வேர்டு போட்ட ஜிப் வந்தால் சந்தேகப்பட வேண்டாமா? சம்பளத்தில் பிடிப்பது அதிகம், ஒத்துக்கொள்கிறேன். தப்பே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தாழ்ப்பாள்:

மேட்டுத்தெரு, நீங்கள் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். "தெரியாத இணைப்பு" என்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு வந்தது தெரிந்த இடத்திலிருந்து, தெரிந்த விஷயம் பற்றி, தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்த இணைப்பு. ஆயிரம் பேருக்கு ஒரே மெயிலை வீசி யாராவது சிக்குவார்களா என்று பார்ப்பது வேறு. இது குறிவைத்த மெயில். துணிக்கடையில் வாங்கிய சட்டைக்கும், அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம்.

இதைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது தர்மசாலாவை, திபெத்தியர்களின் ஆன்மிகத் தலைவர் தலாய் லாமா நாடுகடந்து வாழும் நம் நாட்டு ஊர். 2008இல் தலாய் லாமாவின் அலுவலகத்தில் ஒரு சந்தேகம் எழுந்தது. அவர் சார்பில் ஒரு வெளிநாட்டுத் தூதருக்குச் சந்திப்பு அழைப்பை மெயிலில் அனுப்புகிறார்கள். அதன் பிறகு தொலைபேசியில் பேசுவதற்குள் சீன அரசுத் தரப்பு அந்தத் தூதரிடம், போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. மெயில் அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் யாரோ உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று அலுவலகத்துக்குப் புரிந்தது.

அவர்கள் உதவி கேட்டார்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும், ஒட்டாவாவின் செக்டெவ் நிறுவனமும் சேர்ந்த குழு ஒன்று இறங்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஷிஷிர் நாகராஜா தர்மசாலாவுக்கே போய் ஆராய்ந்தார். டொராண்டோ குழுவின் கிரெக் வால்டனும் அங்கே போனார். அலுவலகக் கணினியிலிருந்து வெளியே போகும் தரவை வயர்ஷார்க் என்ற மென்பொருள் வைத்துப் பதிவு செய்தார்கள். அவர்கள் கண்முன்னாலேயே அலுவலக ஆவணங்கள் வெளியே போய்க்கொண்டிருந்தன. பேச்சுவார்த்தையில் தலாய் லாமாவின் தூதர்கள் எடுக்கவிருந்த நிலைப்பாடு பற்றிய ஆவணமும் அதில் உண்டு.

2009 மார்ச் 29 அன்று டொராண்டோ குழுவின் அறிக்கை வந்தது. அந்த வலைக்கு அவர்கள் வைத்த பெயர் கோஸ்ட்நெட். 103 நாடுகளில் 1,295 கணினிகள். அவற்றில் முப்பது சதவீதம் வரை முக்கியமான இடங்கள்: வெளியுறவு அமைச்சகங்கள், இந்தியத் தூதரகம் உட்படப் பல தூதரகங்கள், ஆசிய வளர்ச்சி வங்கி, செய்தி நிறுவனங்கள். ஒரு கணினி சராசரியாக 145 நாள் அவர்கள் பிடியில் இருந்தது. அதிகபட்சம் 660 நாள். உங்கள் அலுவலகத்தில் பதினோரு நாள், நூல்கண்டு. அங்கே ஒன்றே முக்கால் வருடம் வரை தெரியாமல் இருந்திருக்கிறார்கள்.

எப்படி உள்ளே போனார்கள்? மெயில்தான். அறிக்கையில் ஒரு மெயிலை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 2008 ஜூலை 25 தேதியிட்டது. திபெத்துக்கு ஆதரவாக இயங்கும் உண்மையான ஓர் அமைப்பின் முகவரியிலிருந்து வந்ததுபோல் இருக்கிறது. இணைப்பு ஒரு வேர்டு பைல். பெயர், நாடுகடந்து வாழும் திபெத்தியர்களின் அடையாளப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு. திபெத்திய அலுவலகத்தில் இருப்பவர் இதைத் திறக்காமல் வேறு எதைத் திறப்பார்? அதைத் திறப்பதுதானே அவருடைய வேலை.

உங்கள் ஆன்டிவைரஸ் கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. அந்த வேர்டு பைலை 34 ஆன்டிவைரஸ்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். கண்டுபிடித்தவை 11. ஆன்டிவைரஸ் பெரும்பாலும் முன்பு பார்த்த முகத்தைத்தான் அடையாளம் காணும். ஒருவருக்காகவே செய்யப்பட்ட பைலை அது முன்பு பார்த்திருக்காது.

நூல்கண்டு:

அண்ணா, மிக்க நன்றி. கேபிளைக் கழற்றியாயிற்று. 1930க்கும் சொல்லியாயிற்று. மெயில் செட்டிங்கில் நீங்கள் சொன்னது போலவே, "இன்வாய்ஸ்" என்ற சொல் உள்ள மெயில் எல்லாம் வெளியே ஒரு முகவரிக்குப் போகும்படி ஒரு விதி இருந்தது. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. நீக்கும் முன் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். அது எங்கள் பழைய மெயிலுக்கே பதிலாக வந்தது எப்படி? எங்கள் வரிகள் கீழே இருந்தனவே.

பனைமேடு:

நான் மெயில் சர்வர் வேலை பார்ப்பவன், இதற்கு நான் பதில் சொல்கிறேன். அனுப்புநர் பெயரைப் போலியாகப் போடுவது ஒரு வகை. மெயில் உண்மையிலேயே அந்த இடத்திலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சோதனைகள் வந்தபின் அது கடினமாகிவிட்டது. சரியாக அமைத்திருந்தால்தான். பல சிறு நிறுவனங்கள் இன்னும் அமைக்கவில்லை.

உங்களுக்கு நடந்தது இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தின் மெயில் பெட்டியே முன்னதாகப் பிடிபட்டிருக்கும். அங்கிருந்து உங்கள் உரையாடலைப் படித்து, அதே இழையில் பதில் போட்டிருக்கிறார்கள். அந்த மெயில் எல்லாச் சோதனையிலும் தேறும், ஏனென்றால் உண்மையிலேயே அந்த முகவரியிலிருந்துதான் வருகிறது. முதலில் ஆடிட்டருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மெயிலில் சொல்லாதீர்கள், அதையும் அவன் படிப்பான்.

தாழ்ப்பாள்:

பனைமேடு சொன்னதற்கு ஒரு கூடுதல் செய்தி. திபெத்தியர்களுக்கும் இதே நடந்தது. அவர்களுடைய மெயில் சர்வர் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனத்திடம் இருந்தது. அதனுள்ளே சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் ஆட்கள் நுழைந்திருந்தார்கள். நாகராஜாவும் ராஸ் ஆண்டர்சனும் எழுதிய கேம்பிரிட்ஜ் அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் இது. ஒரு துறவி இன்னொரு துறவிக்கு உண்மையான மெயில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியிலேயே அதன் இணைப்பை எடுத்துவிட்டு, நஞ்சு வைத்த பைலை அதே இடத்தில் வைக்கிறார்கள். அனுப்பியவர் உண்மை, எழுதிய வரிகள் உண்மை, இணைப்பு வரும் என்று முன்பே பேசிக்கொண்டதும் உண்மை. பைல் மட்டும் பொய். எந்தப் பயிற்சி வகுப்பு அவருக்கு உதவியிருக்கும், மேட்டுத்தெரு?

இப்போது பைலைத் திறந்தபின் நடப்பது. இதை யாரும் விளக்குவதில்லை, அதனால்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

வேர்டு பைல் என்றால், வேர்டு மென்பொருளில் உள்ள ஓட்டையை அந்தப் பைல் பயன்படுத்தும். திறந்ததும் வேர்டு ஒரு நொடி மறைந்து மீண்டும் வரும். அந்த ஒரு நொடிக்குள் உள்ளே ஒளித்திருந்த சிறு நிரல் டிஸ்கில் இறங்கி ஓடத் தொடங்கிவிடும். அடுத்து, சுத்தமான ஒரு ஆவணத்தை அதுவே உங்களுக்குத் திறந்து காட்டும். நீங்கள் எதிர்பார்த்த விஷயமே அதில் இருக்கும். படித்துவிட்டு மூடிவிடுவீர்கள்.

உங்கள் விஷயத்தில் அவ்வளவு சிரமம் கூட எடுக்கவில்லை. பைல் பெயரின் கடைசியில் உள்ள வகைக் குறியை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். "பில்கள் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ" என்று இருந்தால் திரையில் "பில்கள் டாட் பிடிஎஃப்" என்றுதான் தெரியும். படத்தை அவன் விருப்பம்போல் ஒட்டிக்கொள்ளலாம். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவதன் காரணம், பூட்டிய பெட்டிக்குள் மெயில் சர்வரின் ஸ்கேனர் எட்டிப் பார்க்க முடியாது. ரகசியம் காக்க ஆடிட்டர்களும் இதையேதான் செய்கிறார்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

உள்ளே வந்தபின் அது வெளியிலிருந்து யாரும் அழைக்கக் காத்திருக்காது. தானே வெளியே அழைக்கும். வெளியிலிருந்து வருபவனைத்தான் பயர்வால் தடுக்கும். உள்ளேயிருந்து போகிறவர் இணையப் பக்கம் பார்க்கத்தானே போகிறார் என்று விட்டுவிடும். கோஸ்ட்நெட்டில் முதலில் இறங்கிய சிறு நிரல் கட்டுப்பாட்டு சர்வரோடு தொடர்பு கொள்ளும். அங்கிருந்து உத்தரவு வந்ததும் கோஸ்ட் ராட் என்ற முழு ட்ரோஜனை இறக்கும். ராட் என்பது தொலை அணுகல் ட்ரோஜனின் ஆங்கிலச் சுருக்கம். அது அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் முகப்பிலும் அதன் பெயரே ஐந்தெழுத்தாக இருக்கும், "ஓ" இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பூஜ்யம். இந்த முகப்பை வைத்தே நெட்வொர்க் ஆட்கள் பிற்பாடு அதைப் பிடிக்கக் கற்றார்கள்.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு திரை. பிடிபட்ட கணினிகள் எல்லாம் அதில் வரிசையாகத் தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதன் பைல்கள், திரை, தட்டும் ஒவ்வொரு எழுத்து, மைக், கேமரா எல்லாம் அவன் கையில். உங்கள் இன்வாய்ஸ் வடிவம் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். பதினோரு நாளும் அவன் அந்த மேசையிலேயே உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டிருக்கிறான்.

அந்தக் கட்டுப்பாட்டுத் திரையை டொராண்டோவில் கண்டுபிடித்தவர் நார்ட் வில்நவ். பதிவான தரவில் கிடைத்த ஓர் எழுத்துச் சரத்தை கூகுளில் தேடிப் பார்த்தார். கிடைத்த பக்கத்துக்குப் பாஸ்வேர்டே இல்லை. 1,295 என்ற எண்ணிக்கை அப்படித்தான் தெரிய வந்தது.

மேட்டுத்தெரு:

தாழ்ப்பாள், நடுவில் இணைப்பை மாற்றிய விஷயம் எனக்குத் தெரியாது. அதை ஏற்கிறேன். ஆனால் துறவிகளும் சிறு அலுவலகங்களும் வேறு. பாதுகாப்பையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இப்படி ஏமாறுவார்களா?

பனைமேடு:

ஏமாந்திருக்கிறார்கள். 2011, ஆர்எஸ்ஏ. வங்கிகளுக்கும் பாதுகாப்புத் துறைக்கும் செக்யூர்ஐடி என்ற கடவு எண் கருவியை விற்ற நிறுவனம். அங்கே இரண்டு சிறு குழு ஊழியர்களுக்கு இரண்டு நாளில் மெயில் போனது. தலைப்பு, 2011 ஆள்சேர்ப்புத் திட்டம். இணைப்பு ஓர் எக்செல் பைல். மெயில் ஸ்பாம் பெட்டிக்குள்தான் விழுந்தது. ஓர் ஊழியர் அங்கிருந்து எடுத்துத் திறந்தார். எக்செல்லுக்குள் பிளாஷ் துண்டு ஒன்று இருந்தது, அதன் ஓட்டைக்கு அப்போது மருந்தே வெளியாகவில்லை. இறங்கியது பாய்சன் ஐவி என்ற ராட், இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. செக்யூர்ஐடி சம்பந்தமான தகவல்கள் களவுபோயின.

கயல்:

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். எல்லோரும் எடுத்துக்கொண்டு போவதைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அதைவிடப் பயம் தருவது வேறு.

கோஸ்ட்நெட் அறிக்கையில் ஓர் இளம்பெண் வருகிறார். தர்மசாலாவில் ட்ரெவ்லா என்ற அமைப்பில் வேலை செய்தவர். இணையத்தில் சீனாவுக்குள் இருப்பவர்களுடன் உரையாடுவது அந்த அமைப்பின் பணி. ஊருக்குத் திரும்பும்போது நேபாள எல்லையில் பிடிபடுகிறார். இரண்டு மாதம் விசாரணை. அரசியல் வேலை எதுவும் செய்யவில்லை என்கிறார். அவர் முன்னால் ஒரு கோப்பை எடுத்து வைக்கிறார்கள். பல வருடமாக அவர் நடத்திய சாட் உரையாடல்களின் முழு எழுத்து வடிவம். அவர் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது நம் நாட்டில். பீமா கோரேகான் வழக்கு, மகாராஷ்டிரத்தில் 2018இல் நடந்த வன்முறையையொட்டிச் சமூகச் செயற்பாட்டாளர்கள் பலர் கைதான வழக்கு. கைதானவர்களில் ஒருவரான ரோனா வில்சனின் கணினியை ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஆராய்ந்து 2021இல் அறிக்கை தந்தது. 2016 ஜூன் 13 அன்று, அவருக்குத் தெரிந்த ஒருவரின் மெயில் கணக்கிலிருந்து வந்த இணைப்பைத் திறந்ததில் நெட்வயர் என்ற ராட் உள்ளே வந்தது. 22 மாதத்துக்கு மேல் அது இருந்தது. அதன் வழியாக அவரைக் குற்றம் சாட்டும் கடிதங்கள் ஒரு மறைவான ஃபோல்டரில் வைக்கப்பட்டன என்கிறது அந்த அறிக்கை. அடுத்த ஆண்டே, திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளுடன் வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமியின் கணினியிலும் ஏறத்தாழ ஐந்தாண்டு இதே நெட்வயர் இருந்ததாக அதே நிறுவனம் சொன்னது. அவர் அதற்கு முன்பே, 2021 ஜூலை 5 அன்று, காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்துவிட்டார். 84 வயது. தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. வழக்கும் முடியவில்லை.

நீதிமன்றம் எதைச் சொன்னாலும், ஒன்று மட்டும் தொழில்நுட்பத்தில் உறுதி. ராட் இருக்கும் கணினியில் பைலை எடுக்கவும் முடியும், வைக்கவும் முடியும். அதன்பின் அந்தக் கணினியில் உள்ள எது யாருடையது என்று சொல்வது மிகக் கடினம். அந்தத் தங்கையின் கணினி வழியாகப் போன மெயிலை வைத்து அவளிடம் பணம் கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

நூல்கண்டு:

கயல் அக்கா, இதை அவளிடம் படித்துக் காட்டினேன். அழுதுவிட்டாள். முதலாளியிடம் பேச எனக்கு இன்னும் கொஞ்சம் விஷயம் வேண்டும். இனி என்ன செய்வோம் என்று கேட்பார். இணைப்பே திறக்காதே என்று சொன்னால் அலுவலகம் நடக்காது.

தாழ்ப்பாள்:

திபெத்தியர்கள் செய்ததைச் சொல்லுங்கள். "இணைப்புகளிலிருந்து பற்றை விடுங்கள்" என்ற பொருளில் ஓர் இயக்கம் நடத்தினார்கள். பௌத்தர்களுக்குப் பற்று விடுதல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லையே, அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். பைலை மெயிலில் இணைக்காதே, கூகுள் டிரைவில் போட்டு லிங்க் கொடு. ஒவ்வொரு மெயிலையும் சந்தேகப்படு என்று தனி ஆளின் தலையில் சுமையை ஏற்றாமல், எல்லோரும் சேர்ந்து பைல் அனுப்பும் பழக்கத்தையே மாற்றினார்கள். அதன்பின் இணைப்பு வந்தாலே அது விசித்திரமாகத் தெரியும்.

அதோடு முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதிராளி பின்னாலேயே வந்தான். 2016இல் சிட்டிசன் லேப் பார்த்தபோது, இணைப்பை விட்டுவிட்டு கூகுள் பாஸ்வேர்டைத் திருடும் போலிப் பக்கங்களுக்கு மாறியிருந்தான். 2019இல் வாட்ஸ்அப் லிங்க்குகள். மற்ற இடங்களிலும் இதே கதைதான். இணையத்திலிருந்து வரும் பைல்களில் மேக்ரோ, அதாவது ஆவணத்துக்குள் வைத்த சிறு நிரல், ஓடுவதை மைக்ரோசாஃப்ட் 2022இல் தடுத்தது, உடனே ஐஎஸ்ஓ என்ற டிஸ்க் நகல் பைலும் ஷார்ட்கட் பைலும் வரத் தொடங்கின.

உங்கள் அலுவலகத்துக்கு என் யோசனை. ஆடிட்டருடன் பேசி, பில்களைப் பொதுவான டிரைவ் ஃபோல்டரில் போடச் சொல்லுங்கள். விண்டோஸில் பைல் வகைக் குறி தெரியும்படி மாற்றுங்கள், இரண்டு நிமிட வேலை. மெயிலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்கள். வங்கிக் கணக்கு மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும், முன்பே கையில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசி செய்து குரலைக் கேட்டபின்தான் பணம் போகும் என்று வாடிக்கையாளர்களுடன் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். அந்தக் கணினியைத் துடைத்து விண்டோஸை மறுபடி போடுங்கள். சுத்தம் செய்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். புகார் கொடுத்திருப்பதால், அதற்கு முன் டிஸ்கின் நகலைச் சாட்சியாக எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விட, சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. "பைலைக் கிளிக் செய்தேன், திறக்கவில்லை", "வேர்டு ஒரு தடவை மறைந்து வந்தது" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லும் அந்த நிமிடம்தான் இந்த விஷயத்தில் நமக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. அன்றே கேபிளைக் கழற்றியிருந்தால் பதினோரு நாளும் இல்லை, பணமும் போயிருக்காது. சொன்னால் சம்பளம் போகும் என்று தெரிந்தால் அடுத்த முறை யார் சொல்வார்கள்?

மேட்டுத்தெரு:

நூல்கண்டு, முதலில் எழுதியதை நான் திரும்பப் பெறுகிறேன். அந்தத் தங்கையிடமும் சொல்லுங்கள். என் கடையிலும் இன்று வகைக் குறியைத் தெரியும்படி மாற்றிவிட்டேன்.

நூல்கண்டு:

தாழ்ப்பாள் அண்ணா, நீங்கள் கடைசியாக எழுதியதைப் படித்துவிட்டு அவளிடம் கேட்டேன். அன்றைக்கு யாரிடமாவது சொன்னாயா என்று. யோசித்துவிட்டு, போட்டேனே அண்ணா என்றாள். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் தேடினோம்.

இருந்தது. அதே நாள், காலை 11.20. "சார், ஆடிட்டர் அனுப்பின பைல் ரெண்டு தடவ கிளிக் பண்ணியும் ஓப்பன் ஆகல. என்ன பண்ணட்டும்?"

அதற்குக் கீழே எங்கள் மேலாளரின் பதில், 11.22. "விடு, அப்புறம் பாத்துக்கலாம்." அதற்கு நான் கட்டைவிரல் காட்டியிருக்கிறேன்.

படம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை காலை முதலாளி வந்ததும் இதைத்தான் முதலில் காட்டப் போகிறேன்.